கடித்த நாயும் கவ்விய நாயும்

செஞ்சி என்றதும் தமிழர் மனத்தில் கனைப்பது குதிரைதான். 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதிலேயே மாண்ட ராஜா தேசிங்கு, அவன் ஏறிய குதிரை, உயிர் நண்பன் மோவுத்துக்காரன் என்று கூத்தும் நாட்டுப்பாடலும் அந்தக் கதையை முந்நூறு ஆண்டாக ஓட்டிக்கொண்டிருக்கின்றன. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை வளைத்து நிற்கும் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. அங்கே யானைக்குக் குளம் உண்டு, குதிரைக்கு லாயம் உண்டு. நாய்க்கு?

நாயைத் தேடக் கோட்டையை விட்டு இறங்க வேண்டும். செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், ஏறக்குறைய பாதித் தூரத்தில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் சேர்க்காமல் பாறையைக் குடைந்தே கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்ட இடம் அது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட அந்தப் பல்லவனின் காலத்து நாய்கள் இரண்டு நமக்குத் தெரியும். ஒன்று நடுகல்லில் நிற்கிறது. மற்றது நாடகத்தில் ஓடுகிறது.

நடுகல் நாய்க்குப் பெயரே இருக்கிறது: கோவிவன். செஞ்சிக்கு மேற்கே, திருவண்ணாமலையையும் தாண்டி, தண்டராம்பட்டுப் பக்கம் எடத்தனூரில் கிடைத்த கல் அது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எருமைகளை முன்னிட்டு நடந்த சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் உயிரை விட்டான். அவனுக்கு எடுத்த கல்லில் அவனோடு நாயையும் செதுக்கி, அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் தனியாகப் பொறித்தார்கள். தமிழகத் தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுப்பு இந்த வட்டாரத்து வீரர்கள் பலரை வெளியுலகுக்குக் காட்டியது. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் எத்தனையோ பேருடைய பெயர் காற்றில் போய்விட்டது. ஒரு மாட்டுக்காரனின் நாய்க்கு மட்டும் பெயரும் ஊரும் ஆண்டும் கல்லில் இருக்கின்றன.

நாடக நாய்க்குப் பெயர் கிடையாது. அது திருடன். மகேந்திரவர்மனே வடமொழியில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற அங்கத நாடகம் காஞ்சியில் நடக்கிறது. குடிபோதையில் இருக்கும் கபாலிகன் ஒருவனின் மண்டையோட்டுத் திருவோடு காணாமல் போகிறது. வழியில் வந்த பௌத்தத் துறவி எதையோ ஆடைக்குள் மறைத்துக்கொண்டு போகிறான். சந்தேகப்பட வேறென்ன வேண்டும்? வாய்ச்சண்டை முற்றுகிறது, நடுவர் வருகிறார், வழக்கு நீதிமன்றம் வரை போகும் போலிருக்கிறது. துறவி மறைத்து வைத்திருந்ததோ தன் சொந்தப் பிச்சைப் பாத்திரம். கடைசியில் ஒரு பைத்தியக்காரன் கையில் திருவோடு வந்து சேர்கிறது. அவன் அதை ஒரு நாயிடமிருந்து பிடுங்கி வந்தவன். அதில் வாட்டிய இறைச்சி இருந்ததுதான் அத்தனை ரகளைக்கும் காரணம்.

இந்தத் திருட்டுக்கு இன்று அறிவியல் விளக்கமே இருக்கிறது. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு பல ஆண்டுகளாகத் தெருநாய்களைத் தெருவிலேயே ஆராய்ந்து வருகிறது. ரொட்டித் துண்டுகளில் இறைச்சி வாசனையைக் கூட்டியும் குறைத்தும் வைத்துப் பார்த்தபோது, வாசனை தூக்கலாக இருந்ததைத்தான் நாய்கள் முதலில் எடுத்தன. உள்ளே இருக்கும் சத்து எவ்வளவு என்ற கணக்கெல்லாம் அவற்றுக்கு இல்லை. இறைச்சி வாசனை அடித்தால் வாயில் போடு, அவ்வளவுதான் சட்டம். குட்டிகளிடம் இந்த விருப்பம் பிறவியிலேயே இருப்பதாகத் தெரியவில்லை. வளர வளரத் தெருவில் கற்றுக்கொள்கின்றன.

அதற்காக நாய் ரசஞ்சோற்றை வேண்டாமென்று சொல்வதில்லை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2013-இல் காட்டியபடி, மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 படிகளே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 படிகள் வரை இருக்கின்றன. மனிதன் பயிர் வைத்துத் தின்னத் தொடங்கிய பிறகு அவன் மிச்சத்தில் வயிறு வளர்த்த உயிரின் உடம்பு அது. அடுப்படிப் பக்கமே அது சுற்றிச் சுற்றி வருவதில் வியப்பில்லை.

கோவிவன் ஊரைக் காத்தான், காஞ்சி நாய் திருவோட்டைத் தூக்கியது. இரண்டும் வேறு வேறு குணமுள்ள நாய்கள் என்றுதான் முதலில் தோன்றும். நாய் வளர்த்தவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். இரண்டும் ஒரே நாய்தான். பகலில் ஒன்று, இரவில் மற்றொன்று.

செஞ்சிப் பக்கத்து ஊர்களில் ஒரு காலத்தில் நாய் வளர்த்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச்செடுத்தால் காவல் காத்த கதை சீக்கிரம் முடிந்துவிடும். ‘ராத்திரியில ஒரு ஆளு உள்ள வர முடியாது’ என்ற ஒரே வாக்கியத்தில் பத்து வருஷக் காவல் அடங்கிவிடும். பிறகுதான் உண்மையான கதை. ‘மாட்டுப் பொங்கலன்னிக்கு வடைச் சட்டியையே இழுத்துக்கினு போயிட்டான்.’ ‘பத்திரிகை வைக்க வந்தவரு செருப்பு ஒத்தையா கெடக்குது, இன்னொண்ணு கெணத்தாண்ட.’ சொல்லச் சொல்ல முகம் மலரும். மணியோ டாமியோ கருப்பனோ, போய்ச் சேர்ந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். குற்றப்பத்திரிகை மட்டும் நாளுக்கு நாள் நீளும்.

அந்தச் செருப்பைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்கலாம். குதிகால் விளிம்பில் சிறுசிறு துளைகள் நெருக்கமாக இருந்தால் அது பால்பல்லின் வேலை. குட்டிக்கு 28 பால்பற்கள். மெல்லியவை, முனை கூர்மையானவை. நான்கு மாத வாக்கில் அவை விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். அந்த இடைக்காலத்தில் ஈறு குறுகுறுக்கும், எதையாவது கடித்தே ஆக வேண்டும். வார் அறுந்து, தோல் பட்டையாக உரிந்திருந்தால் கடித்தது வளர்ந்த நாய். இரண்டு செருப்பிலும் பொதுவாக ஒன்றைப் பார்க்கலாம். பாதம் பதிந்து கறுத்துப்போன உட்பகுதியில்தான் அதிகம் நக்கிக் கடித்திருக்கும். வியர்வை ஊறிய இடம் அது. வீட்டுக்காரரின் வாசனை அந்த வீட்டில் வேறெந்தப் பொருளையும்விட அங்கேதான் கெட்டியாக இருக்கிறது. கடையிலிருந்து வந்த புதுச்செருப்பை விட்டுவிட்டுப் பழையதைத் தேடிப்போகும் நாயைத் திட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி, திருட்டும் காவலும் எங்கே சந்திக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் 2003-இல் ஒரு சோதனை நடந்தது. அறையில் தின்பண்டத்தை வைத்து, எடுக்கக்கூடாது என்று நாயிடம் சொல்லிவிட்டு, அந்த அறையிலேயே ஒருவர் உட்கார்ந்துகொள்வார். சில சமயம் நாயையே பார்த்துக்கொண்டிருப்பார். சில சமயம் முதுகைக் காட்டுவார், கண்ணை மூடிக்கொள்வார், கணினி விளையாட்டில் மூழ்கிவிடுவார். கண் தன்மேல் இருந்தபோது நாய்கள் குறைவாகவே எடுத்தன. எடுத்தாலும் நேராகப் போகாமல் சுற்றி வளைத்துப் போயின. கண் அகன்றதோ இல்லையோ, பண்டம் காலி. அந்த ஆள் அறையில் இருக்கிறாரா என்பது நாய்க்கு முக்கியமில்லை. அவர் கவனம் எங்கே இருக்கிறது என்பதையே அது அளந்தது.

பத்து ஆண்டு கழித்து, 2013-இல், ஜூலியானே காமின்ஸ்கியின் குழு விளக்கை வைத்து விளையாடியது. ஆளின் மேல் வெளிச்சம் விழுகிறதா, உணவின் மேல் விழுகிறதா என்று மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். உணவு இருந்த இடம் இருட்டாக இருந்தபோதுதான் நாய்கள் துணிந்து எடுத்தன. ஆள் இருட்டில் உட்கார்ந்திருந்தாலும் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாலும் அவை பெரிதாக மாறவில்லை. தடை போட்டவருக்கு உணவு தெரியுமா தெரியாதா என்பதை நாய் கணக்கிடுகிறது என்று சொல்ல இடமிருக்கிறது. எச்சரிக்கையான ஆய்வாளர்கள் ‘இருக்கலாம்’ என்பார்கள். மின்வெட்டு நேரத்தில் மீன் குழம்பைப் பறிகொடுத்த வீடுகளுக்கு அந்த எச்சரிக்கை தேவைப்படாது.

இதே கண்தான் காவலுக்கும் போகிறது. வீட்டுக்காரர் எந்தப் பக்கம் திரும்புகிறார், யாரைக் கண்டதும் குரல் மாறுகிறது, எந்த வண்டிச் சத்தத்துக்கு எழுந்திருக்கிறார் என்பதையெல்லாம் பகல் முழுக்கப் பாடம் செய்த நாய்தான் இரவில் அந்நியன் யார் என்று பிரித்தறிகிறது. மனிதனை விடாமல் கவனிப்பது என்ற ஒரே திறமையைக் கோவிவன் கள்ளன் மேல் பாய்ச்சினான். வடைச் சட்டியைக் குறிவைத்த நாய் அந்தத் திறமையையே அடுப்படியில் நிற்கும் அம்மாவின் முதுகின் மேல் வைத்தது.

சரி, மாட்டிக்கொண்ட பிறகு? காது பின்னால் மடங்கும், வால் காலுக்கிடையில் போகும், முகம் திரும்பிக் கடைக்கண் மட்டும் நம்மைப் பார்க்கும். ‘திருட்டு முழி முழிக்குது பாரு, தான் செஞ்சது அதுக்கே தெரியுது’ என்று வீடே தீர்ப்புச் சொல்லும். நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் இந்தத் தீர்ப்பை மேல்முறையீட்டுக்கு எடுத்தார். 14 நாய்கள். வளர்ப்பவர் ‘எடுக்காதே’ என்று சொல்லிவிட்டு அறையை விட்டுப் போவார். சில நாய்களுக்கு ஆய்வாளரே தின்பண்டத்தைக் கொடுத்துவிடுவார், சிலவற்றிடமிருந்து எடுத்து ஒளித்துவிடுவார். திரும்பி வரும் உரிமையாளரிடம் சில சமயம் உண்மையும் சில சமயம் பொய்யும் சொல்லப்படும். குற்ற உணர்வு முகம் எதைப் பொறுத்து வந்தது? திட்டைப் பொறுத்து. தின்ற நாயானாலும் தின்னாத நாயானாலும் திட்டு விழுந்தால் முகம் சுருங்கியது. ஒரு படி மேலே போய், ஒன்றும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களே அதிகமாக முழித்தன. மகேந்திரவர்மனின் பௌத்தத் துறவி இந்த முடிவைப் படித்திருந்தால் ஆறுதல் அடைந்திருப்பான்.

நாய்க்குக் குற்ற உணர்வே கிடையாது என்று இதற்குப் பொருளல்ல. அந்த முகத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவுதான். காலையில் நடந்த திருட்டுக்கு மாலையில் வந்து அடிப்பது வீண் என்று பயிற்சியாளர்கள் சொல்வதற்கும் காரணம் இதுவே. நாய் உங்கள் கோபத்துக்குப் பதில் சொல்கிறது, காலியான சட்டிக்கு அல்ல.

எல்லாக் குறும்பும் வயிற்றுக்காக நடப்பதில்லை. செருப்பைக் கவ்விய நாய் ஓடி ஒளிந்து தின்பதுமில்லை. பத்தடி தள்ளி நின்று திரும்பிப் பார்க்கும். துரத்தினால் ஓடும், நின்றால் நிற்கும், கண்டுகொள்ளாமல் உட்கார்ந்தால் அருகில் வந்து செருப்பைப் போட்டுவிட்டு மறுபடி கவ்வும். நாய்கள் ஒன்றோடொன்று விளையாடுவதைப் படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்த ஹோரோவிட்ஸ் இதற்கு ஒரு சாவி கொடுக்கிறார். கூட்டாளி தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாய் நேராக விளையாட்டுச் சைகை காட்டும். கூட்டாளி வேறெங்கோ பார்த்தால் முதலில் இடிக்கும், லேசாகக் கடிக்கும், முகத்துக்கு நேரே வந்து நிற்கும். கவனம் திரும்பிய பிறகே சைகை. செல்போனில் மூழ்கியவரின் செருப்பு காணாமல் போவதை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்றில், நாய்கள் மனிதரோடு விளையாடும்போது பொருளைத் தாமே வைத்துக்கொள்ளத் துடிப்பது குறைவு, கொண்டுவந்து கொடுத்து ஆட்டத்தைத் தொடர்வது அதிகம் என்று தெரிந்தது. நாய்க்குச் செருப்பு வேண்டாம், ஆட்டம்தான் வேண்டும்.

அந்தச் சைகையை எல்லோரும் பார்த்திருப்போம். முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி, வாலை ஆட்டும். சார்லஸ் டார்வின் 1872-இல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி எழுதிய நூலிலேயே நாயின் முகபாவங்களையும் உடல் நிலைகளையும் பக்கம் பக்கமாக வர்ணித்தார். அமெரிக்காவின் மார்க் பெகாஃப் இந்தக் கும்பிடு எப்போது வருகிறது என்று 1995-இல் எண்ணிப் பார்த்தார். தலையை வேகமாக ஆட்டிக் கடிப்பது போன்ற, சண்டை என்று தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடிய கடிக்கு முன்னும் பின்னும்தான் அது அதிகமாக வந்தது. ‘இப்போது கடிக்கப்போகிறேன், விளையாட்டுக்குத்தான்’ என்ற முன்னறிவிப்பும், ‘கடித்தேனே, விளையாட்டுக்குத்தான்’ என்ற விளக்கமும் அதில் இருக்கின்றன. ஓநாயும் கயோட்டியும் இதே கும்பிடைப் போடும். வளர்ந்த பிறகும், கிழடான பிறகும் கூச்சமில்லாமல் விளையாட அழைப்பதில் மட்டும் நாயை மிஞ்ச ஆளில்லை. (விளையாட்டுக் கடியானாலும் பல் பட்டுத் தோல் கிழிந்தால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடி விஷயத்தில் நாயின் நல்ல எண்ணம் கணக்கில் வராது.)

பத்து வருஷக் காவல் ஒரு வாக்கியத்தில் முடிய, ஒரு நாள் வடைத் திருட்டு அரை மணி நேரம் நீள்வது ஏன் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஜெர்மன் உளவியலாளர் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் 1933-இல் காட்டிய விளைவு அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரே மாதிரியான பல பொருள்களுக்கு நடுவே வேறுபட்ட ஒன்றை வைத்தால் மனம் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். நாய் வாசலில் படுத்திருந்த மூவாயிரம் இரவுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி ஒரே இரவாகிவிடுகின்றன. வடைச் சட்டி தெருவில் உருண்ட அந்தப் பகல் மட்டும் தனியே நிற்கிறது. போதாததற்குச் சிரிப்பும் கோபமும் கூச்சலும் சேர்ந்த நேரம் அது. உணர்ச்சி பொங்கும் கணங்களில் சுரக்கும் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள், மூளையின் அமிக்டலா வழியாக அந்த நினைவைக் கெட்டிப்படுத்துகின்றன. கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது மீதி வேலையைச் செய்துவிடும். சொல்லும்போதெல்லாம் சட்டியில் வடை கொஞ்சம் கூடும் என்பதும் உண்மை.

எடத்தனூர்க்காரர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள் என்று தோன்றலாம். அவர்கள் காவலைத்தானே கல்லில் வெட்டினார்கள்? ஆனால் அவர்களும் தினசரிக் காவலை வெட்டவில்லை. கள்ளர் வந்து, எஜமான் விழுந்து, நாய் கடித்த அந்த ஒரு நாளைத்தான் வெட்டினார்கள். கருந்தேவக்கத்தியின் வீட்டிலும் கோவிவன் எதையாவது தூக்கிக்கொண்டு ஓடிய கதைகள் இருந்திருக்கும். கல்வெட்டில் இடம் கம்மி.

நாம் அவற்றை நினைத்துக்கொள்கிறோம். அவை?

டார்வினிடம் அந்நியரைக் கண்டால் சீறும் முரட்டு நாய் ஒன்று இருந்தது. பீகிள் கப்பல் பயணம் முடிந்து 1836-இல் வீடு திரும்பியவர் வேண்டுமென்றே அதன் நினைவைச் சோதித்தார். அது இருந்த லாயத்தருகே போய்ப் பழையபடி குரல் கொடுத்தார். நாய் துள்ளிக் குதிக்கவில்லை, பெரிதாக மகிழ்ச்சி காட்டவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்புதான் பிரிந்ததுபோல் எழுந்து பின்னால் நடந்தது, சொன்னபடி கேட்டது. இடையில் ஓடியிருந்த காலம் ஐந்து ஆண்டும் இரண்டு நாளும். 1871-இல் வந்த மனிதனின் தோற்றம் பற்றிய நூலில் டார்வின் இதை எழுதியிருக்கிறார்.

குரலை அடையாளம் காண்பது வேறு, நடந்ததை நினைவுகூர்வது வேறு என்று இன்றைய ஆய்வாளர்கள் பிரிப்பார்கள். முதல் வகைக்கு வாசனை வழியாகவும் சான்று உண்டு. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ், எம்ஆர்ஐ குழாய்க்குள் அசையாமல் படுக்கப் பழக்கிய 12 நாய்களுக்குப் பல வாசனைகளைக் காட்டினார். சொந்த வாசனை, பழகிய நாய், பழகாத நாய், பழகிய மனிதர், பழகாத மனிதர் என்று ஐந்து. இன்பத்தை எதிர்பார்க்கும் மூளைப்பகுதி பழகிய மனிதரின் வாசனைக்கே அதிகம் கிளர்ந்தது. அந்த மனிதர் அப்போது அறையில் இல்லை.

இரண்டாம் வகைச் சான்று புடாபெஸ்டிலிருந்து வந்தது. கிளாடியா ஃபுகாட்சாவும் ஆடம் மிக்லோஷியும் மனிதர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யப் பழகிய நாய்களை வைத்து 2016-இல் ஒரு தந்திரம் செய்தார்கள். செய்து காட்டச் சொல்வார்கள் என்ற எதிர்பார்ப்பே இல்லாமல் நாய் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு திடீரென்று கட்டளை வரும். ஒரு நிமிடம் கழித்துக் கேட்டாலும் ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டாலும் நாய்களால் செய்துகாட்ட முடிந்தது. நேரம் ஆக ஆகத் தடுமாற்றம் கூடியது. பார்க்கும்போது மனப்பாடம் செய்யாத ஒன்றைப் பிறகு மீட்டெடுப்பது நம் அன்றாட நினைவின் குணம்.

2020-இல் அதே குழுவினர் இன்னும் சுவையான ஒன்றைச் செய்தார்கள். ‘இப்போது செய்ததையே மறுபடி செய்’ என்ற கட்டளையை நாய்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு, யாரும் ஏவாமல் நாய் தானாகச் செய்த காரியங்களுக்கு எதிர்பாராத நேரத்தில் அந்தக் கட்டளையைக் கொடுத்தார்கள். தான் செய்தது என்ன என்பது அவற்றின் நினைவில் இருந்தது. இடைவெளி ஒரு மணி நேரம் வரை போனபோதும் சரியாகத் திரும்பச் செய்தவை உண்டு. வடைச் சட்டி காலியான முதல் ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் யாரும் அந்தக் கட்டளையை உச்சரிக்காமல் இருப்பது நல்லது.